களி கிண்டுவது யார்?

1988 என்று நினைவு. சிங்காரப்பேட்டைக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் நடுவில் ஒரு ஊர். பதினோரு பக்க வினாத்தாளை வைத்துக்கொண்டு ஓர் ஆயாவிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டேன். குளிப்பது, உடுத்துவது, உண்பது, எழுந்து நடப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 1963-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அளவுகோல் அது. எங்கள் பேராசிரியர்கள் அதைத் தமிழ்ப்படுத்திக் கையில் கொடுத்திருந்தார்கள்.

"கழிவறைக்கு யார் துணையும் இல்லாமல் போக முடிகிறதா?" என்று கேட்டேன். ஆயாவுக்குக் கேள்வி புரியவில்லை. அந்த ஊரில் யார் வீட்டிலும் கழிவறை கிடையாது. ஏரிக்கரைப் புதர்தான் எல்லாருக்கும். "வெளிக்குப் போறதா? அது நானே போய்க்கறேன்" என்றார். முழு மதிப்பெண் போட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் அவர் பேச்சுவாக்கில் சொன்ன இன்னொன்று உறைத்தது. இருட்டில் ஏரிக்கரைக்குப் போகப் பயந்து, பொழுது சாய்ந்த பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லை. என் வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் கிளம்பும்போது அந்த ஆயா கேட்டார்: "ஏன் கண்ணு, இத்தன கேட்டியே, களி யாரு கிண்டறான்னு கேக்கவே இல்லியே?"

எங்கள் பக்கத்தில் அப்போது ராத்திரிச் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களி. பல் போனவர்களுக்கு அதுதான் தோது. உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிவிடலாம். ஆனால் கிண்டுவதற்குத் தோளில் வலு வேண்டும். கவைக்கட்டையால் பானையை அணைத்து, அதைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துச் சுற்ற வேண்டும். எழுபது வயதில் தனக்கான களியைத் தானே கிண்டிக்கொள்வது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே களியை யார் கிண்டுகிறார் என்று தெரிந்தால் அந்த வீட்டில் பாதி தெரிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருஷம் ஆனது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயரும் 'களி மேடம்'.

நான் சமூகப்பணி படிக்கப் போனது சென்னைக்கு. அப்பா கல்லாவி பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். "சமூகப்பணின்னா சேவைதானே, அதுக்கு எதுக்குப் பட்டம்?" என்று கேட்டவர். இந்தக் கேள்வி புதிதல்ல. 1936-ல் பம்பாயில் டாடா பெயரில் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோதும், 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் தொடங்கியபோதும் இதைக் கேட்டிருப்பார்கள். பதிலைத் தந்தது தொழிற்சாலைச் சட்டம். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த ஒரு பிரிவுதான் தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பைக் கரை சேர்த்தது என்று நான் வகுப்பில் விளையாட்டாகச் சொல்வதுண்டு. விளையாட்டு பாதிதான்.

நான் படித்து முடித்த காலம் ஓசூர் எழுந்துகொண்டிருந்த காலம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோர் ஓசூருக்கும் அம்பத்தூருக்கும் கோவைக்கும் பணியாளர் துறைக்குப் போனார்கள். பிற்காலத்தில் நான் பாடம் சொன்னபோதும் கதை மாறவில்லை. 'பர்சனல்' என்று இருந்ததை 'எச்.ஆர்.' என்றார்கள், அவ்வளவுதான். முப்பது பேர் வகுப்பில் இருபத்திரண்டு பேர் எச்.ஆர். எடுப்பார்கள். மீதிப் பேரை மருத்துவமும் குழந்தை நலமும் பங்கு போட்டுக்கொள்ளும். முதியோர் நலம் என்று தனித் தாளை நான் கொண்டுவந்த முதல் வருஷம் அதை எடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் பேருந்து நேரத்துக்கு ஒத்துவருகிறது என்று எடுத்தவன். நல்ல பையன். இப்போது ஓசூரில் ஓர் ஆலையில் எச்.ஆர். மேலாளர்.

எனக்கு இதில் ஈடுபாடு எப்படி வந்தது? பெரிய காரணம் சொல்லிக்கொள்ள ஆசைதான். 1982-ல் வியன்னாவில் முதுமை பற்றி உலக மாநாடு நடந்தது, சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லேயே முதியோருக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியிருந்தார், நாங்கள் களப்பணிக்கு அங்கே போனோம் என்றெல்லாம் அடுக்கலாம். நிஜம் வேறு. ஊத்தங்கரைக்குத் திரும்பி வந்து களப்பணிக்கு இடம் தேடியபோது பெண்கள் சங்கத்துக்கும் குழந்தைகள் மையத்துக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவன் கிழவிகளைத்தான் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் என்னிடம் முதலில் கேட்டது ஓ.ஏ.பி. பணம். 1962 ஏப்ரலில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தமிழக அரசு தொடங்கிய முதியோர் உதவித்தொகை அது. மத்திய அரசு தன் பங்காக 75 ரூபாய் கொடுக்க 1995 ஆகஸ்ட் வரை ஆனது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் 'கிழவி பணம்' என்பார்கள். ஆதரவற்றவர்களுக்கு மட்டும் என்பது விதி. சம்பாதிக்கும் வயதில் மகன் இருந்தால் ஆதரவற்றவர் ஆக முடியாது.

இந்த விதி என்னென்ன செய்தது என்பதை ஊத்தங்கரை தாலுகா அலுவலக வாசலில் பார்த்திருக்கிறேன். ஒரு மூதாட்டி வட்டாட்சியர் முன் நின்று, "எனக்குப் புள்ளன்னு யாரும் இல்லீங்க சாமி" என்கிறார். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அவரை அழைத்து வந்த மகன், வெளியே புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு மூன்று குழந்தைகள், மானாவாரி நிலம் ஒரு ஏக்கர், அதுவும் மழை பெய்தால். வட்டாட்சியர் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் அந்த அம்மாள் மாரியம்மன் கோவில் முன் சைக்கிளை நிறுத்தச் சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று மகன் பின்னால் சொன்னான். பெற்ற மகனை இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று.

மகன் இல்லை என்பதற்கு வாய்ச்சொல் போதும், வயதுக்குத் தாள் வேண்டும். பிறப்புச் சான்று யாரிடமும் கிடையாது. ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று. அரசு மருத்துவர் பல்லையும் கண்ணையும் பார்த்து வயதுச் சான்று தருவார். நானும் மாணவர்களும் ஒரு சம்பவப் பட்டியல் வைத்திருந்தோம். காந்தி சுடப்பட்டபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? 1957-ல் கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் விட்டபோது மூத்தவன் பிறந்துவிட்டானா? சீனாக்காரன் சண்டைக்கு முன்னாலா பின்னாலா? ஒருவர், "அணை கட்டும்போது கல் சுமந்தேன், கூலி ஒண்ணே கால் ரூபா" என்றார். முழுக்கூலி வாங்கியிருந்தால் பதினெட்டாவது இருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதினோம். எல்லாரும் ஒன்றிரண்டு வயது கூட்டித்தான் சொல்வார்கள். தெரிந்தே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பணம் மணியார்டரில் வந்த காலத்தில் தபால்காரர்தான் பாதிச் சமூகப்பணியாளர். அவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த மாதம் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். பிறகு வங்கிக் கணக்கு வந்தது, கைரேகை மெஷின் வந்தது. ஆயுள் முழுக்கக் களை வெட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் ஏற்காமல் மூன்று முறை திரும்பிய ஒரு தாத்தா, "இந்தக் கை என்னுது இல்லேங்குது டீச்சர்" என்று விரித்துக் காட்டினார். தொகை மட்டும் வளர்ந்தது. 2011-ல் ஆயிரம், 2023-ல் 1,200. அதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். பல வருஷமாக அதே 200.

முறைச் சோறு பற்றிச் சொல்ல வேண்டும். நிலத்தைப் பாகம் பிரிக்கும்போதே தாய் தகப்பனையும் பாகம் பிரிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம். கல்லாவி அருகே ஒரு வீட்டில், "மாதம் முப்பது நாள்" என்று பஞ்சாயத்தில் பேசி முடித்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் யார் கணக்கு? மூத்த மருமகள் தன் கணக்கு முடிந்தது என்பாள். இளையவள் நாளைக்குத்தான் தன் முறை என்பாள். அன்றைக்குக் கிழவி எதிர்வீட்டுக்குப் போய், "உங்க வீட்டுல கொள்ளு கடஞ்சியாமே, வாசன வந்துது" என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். எதிர்வீட்டுப் பெண் கேட்காமலே வட்டில் வைப்பாள். இதை ஒரு கருத்தரங்கில் சொன்னேன். டில்லியிலிருந்து வந்த ஒருவர், "வருடத்தில் ஏழு நாள்தானே" என்றார். அவர் கணக்கு சரி.

தொண்ணூறுகளில் எங்கள் மாவட்டத்துக்கு நிதி வந்தது பெண் சிசுக்கொலையைத் தடுக்க. அப்போது கிருஷ்ணகிரி தருமபுரியோடு இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது, பின்னால் தருமபுரிக்கும் வந்தது. நானும் முதியோரை ஓரம் வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போனேன். ஊர் ஊராகக் கர்ப்பிணிகள் பட்டியல் எடுத்தோம். மாமியார்களிடம் பேசினோம். மிரட்டவும் செய்தோம். பேசியவர்களில் சிலர், இவள் செய்திருக்கக்கூடியவள் என்று நாங்கள் உள்ளுக்குள் முடிவு கட்டியவர்கள்.

இருபது வருஷம் கழித்து அதே ஊர்களில் அதே பெண்களைத் திரும்பவும் பார்த்தேன், இம்முறை முதியோர் பட்டியலில். களி யார் கிண்டுகிறார் என்று கேட்டால், மகள் இருக்கும் வீட்டில் பதில் சட்டென்று வரும். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள், வாரம் ஒருமுறை பேருந்து ஏறி வந்து தலைக்கு ஊற்றி, துணி துவைத்து, மாவு அரைத்து வைத்துவிட்டுப் போவாள். மகன்களை மட்டுமே பெற்றவர்களில் சிலர் பதில் சொல்லாமல் சும்மா இருந்தார்கள். அவர்களில் ஒருவர், நான் அந்த நாளில் மிரட்டிய ஒருவர், வினாத்தாளை மூடும்போது, "பொண்ணு ஒண்ணு இருந்திருக்கலாம்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. வினாத்தாளில் எழுதவும் இல்லை. சிசுக்கொலை, முதுமை இரண்டையும் சேர்த்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்று என் துறைத் தலைவர் பல தடவை சொன்னார். நான் எழுதவில்லை.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2009-ல் விதிகள் வந்தன. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், சட்டத்தில் வக்கீலுக்கு இடமில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம், கவனிப்பேன் என்று சொல்லி எழுதி வாங்கிய சொத்தை ரத்து செய்யும் அதிகாரம். எனக்கு ஒரே உற்சாகம். சட்டத்தை எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தேன். நிலத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்த ஒரு விதவை அம்மாளை நானே கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போய் மனு போட வைத்தேன். மகன் தவறாமல் மாதம் 2,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. கட்டினான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

எட்டு மாதம் கழித்துப் போனேன். கொட்டகை அப்படியேதான் இருந்தது. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை. "கேசு போட்ட கெழவி" என்று ஊரில் பெயர். பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்திருந்தார். களி யார் கிண்டுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார்: "காசு குடுக்கறான், சோறு குடுக்க மாட்டேங்கறான். நீ காசுதானே கேட்ட கண்ணு."

சட்டம் கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தைக் காட்டி, மனுவே போடாமல், பத்துப் பன்னிரண்டு வீடுகளில் பேசி முடித்திருக்கிறோம். தீர்ப்பாயம் மனுவை விசாரிக்கும் முன் சமரச அலுவலர் பேசிப் பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். அலுவலகத்தில் பேசினால் மகன் விறைப்பாக நிற்பான். அவன் மாமனார் வீட்டுத் திண்ணையில் பேசினால் தலை குனிந்து ஒத்துக்கொள்வான். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. முதுகலைத் தேர்வில் கேள்வியாகக் கேட்டேன், தேர்வுக் குழு நீக்கிவிட்டது.

பாடத்திட்டம் ஒரு பக்கம் நகர்ந்தது, ஊர் வேறு பக்கம் நகர்ந்தது. 2010-க்குப் பிறகு யு.ஜி.சி. கட்டுரைகளுக்குப் புள்ளி போடத் தொடங்கியதும், கிழவிகள் எங்களுக்குத் 'தரவு' ஆனார்கள். 2017-18-ல் மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நாடு முழுக்க 72,000 பேரைச் சந்தித்து எடுத்த முதுமை ஆய்வு உண்மையில் பெரிய காரியம். அதை நான் மதிக்கிறேன். அதைப் பார்த்து ஐம்பது பேரிடம் கேட்டுவிட்டு 'மனச்சோர்வும் முதுமையும்' என்று பதினைந்து கட்டுரை போட்டவர்களைத்தான் மதிக்க முடியவில்லை. அதில் இரண்டு நானும் போட்டேன். பதவி உயர்வு வேண்டாமா?

இதற்கிடையே ஊரில் நடு வயதுக்காரர்களே காணாமல் போனார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது பழைய கதை. மேஸ்திரி ஒருவர் வந்து ஒரு தெருவையே அழைத்துப் போவார். பிறகு ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. மருமகள் ஷூ கம்பெனியில், மகன் பெங்களூரில். வீட்டில் கிழவியும் இரண்டு பேரக் குழந்தைகளும். 2008-ல் எங்கள் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தபோது ஏரிக்குள் இறங்கியவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிழவிகள். இந்த முறை களி கிண்டியது கிழவிதான். தனக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. அவர்களுக்கோ களி பிடிக்கவில்லை. ரேஷன் அரிசியில் சோறு, முட்டை, மிளகாய்ப்பொடி. துடுப்பு பரணுக்குப் போனது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வருகிறார். முப்பது வருஷமாக நாங்கள் கருத்தரங்குகளில் கேட்டது ஓரளவு நடந்துவிட்டது. மாத்திரை தரும் பெண் பெரும்பாலும் அதே ஊர்க்காரி. தபால்காரர் போன இடத்தில் அவள் வந்திருக்கிறாள். "சாப்பாட்டுக்குப் பின்" என்று அவள் சொல்லும்போது, "எந்தச் சாப்பாடு?" என்று ஒரு தாத்தா கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மறுநாள் முதல் தன் வீட்டிலிருந்து இரண்டு இட்லி கொண்டுவந்தாள் என்று கேள்விப்பட்டேன். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறியிருக்காது.

2024 டிசம்பர் முதல் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என் பழைய மாணவர்கள் சிலர் ஓசூரிலிருந்து ரொட்டியும் போர்வையும் கொண்டுவந்தார்கள், எச்.ஆர். ஆட்கள்தான். கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நான் இவர்களைப் பற்றிக் கேலி பேசியதெல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சென்ற மாதம் அவர்களில் ஒருவனைப் பார்க்க ஓசூருக்குப் போனேன். அவன் குடியிருப்பின் வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி எழுந்து நின்றார். "டீச்சர், என்னைத் தெரியலையா? சாமல்பட்டி." நினைவு வந்தது. அவருடைய தாய்க்கு ஓ.ஏ.பி. மனு எழுதியது நான்தான். புளியமரத்தடியில் பீடியோடு நின்ற மகன்.

பன்னிரண்டு மணி நேர வேலை. மகன் கடனில் மாட்டிக்கொண்டதால் மாதாமாதம் இவர்தான் ஊருக்குப் பணம் அனுப்புகிறாராம். காவலர் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு மின் அடுப்பு, அலுமினியக் குண்டான், மரத் துடுப்பு. "ராத்திரிக்கு நானே களி கிண்டிக்குவேன். சின்னக் குண்டான்தானே."

நான் கிளம்பும்போது கேட் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். ஏஜென்சியில் வயது அறுபதுக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்வார்களாம். ஆதாரில் ஒரு ஐந்து வயது குறைத்துப் போட முடியுமா?

"அப்போ கிழவன் பணம்? அதுக்கு அறுபது ஆகணுமே" என்றேன்.

"அதுக்குத்தான் டீச்சர் யோசனையா இருக்குது" என்றார். "அம்மாவுக்கு நீங்க கூட்டிக் குடுத்தீங்க இல்ல? எனக்கு மொதல்ல கொறச்சுக் குடுங்க. அப்புறம் கூட்டிக்கலாம்."

உள்ளே வர நின்ற ஒரு கார் ஹாரன் அடித்தது. நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்க ஓடினார்.